வழித்தெடுத்த மேல்மண்

பொக்லைன் ஓட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. வீடு கட்டும் இடங்களில் முதலில் இறங்குவது அவர்தான். மேலே கிடக்கும் கறுப்பு மண் வேரும் புழுவுமாகப் பொதபொதவென்றிருக்கும். அதன்மேல் கட்டினால் சுவர் இறங்கிவிடும். கெட்டித்தரை தெரியும்வரை வழித்து லாரியில் ஏற்றிவிடுவார்.

மனைவி இனி மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, அவளிடம் மூச்சுவிடாமல், கொல்லையில் ஓர் அறை எழுப்பத் தொடங்கினார். பழகிய கை, ஒரே காலையில் தரை தயார்.

வீடு திரும்பியவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து காய்த்தோலும் சருகும் போட்டு அவள் ஆளாக்கிய இடம் மொட்டையாகக் கிடந்தது.

“ஊரு மண்ணெல்லாம் அள்ளி முடிச்சு நம்ம வீட்டுக்கே வந்துட்டீங்களா? மேல்மண்ண எங்க ஒதுக்கி வச்சிருக்கீங்க?”

“லாரியில போயிடுச்சும்மா. உனக்கு ரூம் கட்டத்தான்... வேணும்னா வேற மண்ணு ஒரு லோடு கொட்டிடறேன்.”

“கொட்டலாம். நான் வந்தப்பவும் இப்படித்தான் கட்டாந்தரையா இருந்துச்சு. சருகு மக்கி, புழு தின்னு, ஒரு விரக்கடை ஆழம் கறுக்கறதுக்குள்ள நம்ம பெரியவன் பள்ளிக்கூடமே முடிச்சிட்டான். இனிமே அத இருந்து பாக்க எனக்கு ஏதுங்க நாளு?”

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வெளியே போய், பொக்லைன் பக்கெட்டின் பற்களில் ஒட்டிக் காய்ந்திருந்த கறுப்பு மண்ணை நகத்தால் சுரண்டி டம்ளரில் சேர்த்தார். அரை டம்ளர்கூடத் தேறவில்லை. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போக அவருக்குக் கால் எழவில்லை.