பங்குதாரர் என்று போட்டது நான்தான்

ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளரைக் கல்லூரி இரண்டு சமயங்களில்தான் நினைத்துக்கொள்ளும். பழைய கோப்பு காணாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் மதிப்பீட்டுக் குழு வரும். அருப்புக்கோட்டைக்கு வெளியே நான் முப்பது வருடம் கட்டி மேய்த்த கல்லூரியில் அந்த வருடம் இரண்டும் சேர்ந்து வந்தன.

பெற்றோர், பழைய மாணவர், ஊர் வணிகர் எல்லாரும் சேர்ந்துதான் கல்லூரியை நடத்துகிறார்கள் என்பதற்குக் குழுவுக்கு ஆதாரம் வேண்டுமாம். முதல்வரும் செயலரும் மட்டுமே நடத்துகிறார்கள் என்பதற்கு ஆதாரம் நிறைய இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. சுற்றறிக்கையில் இருந்த 'ஸ்டேக்ஹோல்டர்' என்பதைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 'பங்குதாரர்கள் கூட்டம்' என்று அழைப்பு அனுப்பினேன். பங்காளி என்று போட்டால் வக்கீலோடு வருவார்கள் என்று முதல்வரிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

வியாபாரிகள் ஊரில் பங்குதாரர் என்றால் என்னவென்று யோசிக்காதது என் மெத்தப் படிப்பின் கோளாறு. பஜாரில் நூல் கடை வைத்திருப்பவர் ஆடிட்டரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, பத்திரம் எப்போது கைக்கு வரும் என்று கேட்டார். பங்கெல்லாம் இல்லை, ஒத்துழைப்பு மட்டும்தான் என்றேன்.

"அப்ப நன்கொடைன்னு தமிழ்லயே போட்டுருக்கலாமே" என்றார். ஆடிட்டர் காராச்சேவைத் தின்று முடித்ததும் இருவரும் கிளம்பினார்கள்.

அழைப்பை நம்பி வந்த இன்னொருவர் நரிக்குடிப் பக்கத்து அம்மா. நூற்பாலையில் ஒரு ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஆய்வக வகுப்பு நாலரைக்கு முடியும். அவர்கள் ஊர் பஸ் நாலேகாலுக்கே கல்லூரி வாசலைத் தாண்டிவிடும். அடுத்த பஸ் திருச்சுழியோடு சரி. தினமும் அங்கே போய் நின்று கூட்டிவர முடியாது, படிப்பை நிறுத்திவிடலாம் என்று கணவர் சொல்லிவிட்டாராம்.

"பங்குதாரர்னு எம்பேரு போட்டு கடுதாசி அனுப்பியிருக்கீக. எம்பங்குக்கு இது ஒண்ணுதான் கேக்குறேன். வகுப்ப அரை மணி முன்னால வைங்க."

முதல்வர் பரிசீலிப்பதாகச் சொன்னார். பரிசீலனைக்குப் போன காகிதங்கள் எந்த அலமாரியில் உறங்கும் என்று எனக்குத் தெரியும். அதன் சாவியை முப்பது வருடம் வைத்திருந்தவன் நான்.

தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றியது. நடவடிக்கைக் குறிப்பை முந்தின நாளே எழுதிவிடுவது என் வழக்கம். கூட்டம் முடிந்து எழுதினால் நடந்ததை எழுத வேண்டி வரும். கையெழுத்துப் போடுகிறவர் யாரும் படிப்பதில்லை. அந்த அம்மா விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

"நான் கேட்டது இதுல இல்லையே சார். நான் பேசுறதுக்கு முன்னாலயே எழுதிட்டீகளா?"

பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். பெற்றோர் தரப்பில் வந்தது அவர் ஒருவர்தான். பெற்றோர் கையெழுத்து இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. அந்த விதியைச் சேர்த்த புண்ணியவானும் நானே. 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதிக் காட்டுங்கள் என்றார் முதல்வர்.

கடைசித் தீர்மானத்துக்குக் கீழே எப்போதும் இரண்டு வரி காலியாக விடுவேன். செயலருக்குத் திடீரென்று ஏதாவது தோன்றினால் நுழைக்கத்தான். அதற்கும் கீழே, 'மேற்கண்டவை யாவும் ஏகமனதாக நிறைவேறி உடனே அமலுக்கு வருகின்றன' என்று முந்தின நாளே எழுதியிருந்தேன். வேதியியல் ஆய்வக வகுப்பு அரை மணி முன்னதாகத் தொடங்கும் என்று அந்தக் காலி இடத்தில் எழுதினேன். பரிசீலனைக்கு இடம் போதவில்லை.

அந்த அம்மா மறுபடி படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். முதல்வர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார்.

பிறகு வந்த மதிப்பீட்டுக் குழு, பெற்றோர் கேட்டு நிறைவேறிய தீர்மானம் ஒன்றைக் காட்டச் சொன்னது. புத்தகம் முழுக்கப் புரட்டினால் அது ஒன்றுதான் இருந்தது. ஆகவே நிறைவேற்ற வேண்டியதாயிற்று. மதியத் தூக்கம் பறிபோன வேதியியல் துறைத் தலைவர், பாளையம்பட்டியில் என்னைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அமலாக்கத்தை நேரில் சரிபார்க்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. ஒருநாள் நாலேகாலுக்குக் கல்லூரி வாசலில் போய் நின்றேன். அந்த அம்மாவின் மகள் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர சீட்டு கிடைத்தது.