ஊறவைத்த அளவுகள்

என் வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. விஷயம் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் விட்டுத்தள்ளு என்கிறார்கள். அவர்களுக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தட்டாஞ்சாவடியில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிய பிறகு, வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பேப்பரை ஊறவைத்து, கட்டியாகப் பிடித்துக் காயவைத்து, யாரோ அடுப்பெரிப்பதை அதில் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து கருவடிக்குப்பத்தில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடி அவருடைய கம்பெனி ஆகிவிட்டது. நான் துணி அலசும் பக்கெட் இரண்டும் மேலே போயின. பேப்பர் இரண்டு நாள் ஊறும். மூன்றாம் நாள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் மிதிப்பார். மரக்கடையிலிருந்து வாங்கிவந்த மரத்தூளைக் கலந்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயில் அடைத்து, கட்டையால் அழுத்தித் தண்ணீரைப் பிழிவார். வெளியே வருவது பார்ப்பதற்கு இட்லி மாதிரி இருக்கும். எரிந்தால் புகை கண்ணைப் பிடுங்கும். அதில் வெந்நீர் வைத்துவிட்டு, கேஸ் எவ்வளவு மிச்சம் பார் என்று தெருவுக்கே சொல்லுவார். அந்த கேஸ் என் தையல் மெஷினால் வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கண்டதையும் ஊறவைப்பவர் இல்லை. எங்கள் வீடுகளில் அரபு எழுத்து உள்ள தாளைக் காலில் பட விடமாட்டோம். கல்யாணப் பத்திரிகையோ மதரஸா நோட்டீசோ, தனியாக எடுத்து உயரத்தில் வைப்போம். நிறையச் சேர்ந்ததும் பள்ளிவாசலில் கொடுத்துவிடுவோம். இது மிதிக்கிற வேலை என்பதால் அவர் இன்னும் கவனமாக இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 என்று போட்டிருந்தால்கூட அதைத் தனியாக எடுத்து வைப்பார். அதைப் பார்த்துத்தான் நானும் பயமில்லாமல் இருந்தேன்.

நான் ஜாக்கெட் தைப்பவள். வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் செய்தித்தாளில் முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனியாக வெட்டி, பேனாவால் அளவு எழுதி, குண்டூசி குத்தி, கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். பதினெட்டு வருஷத்து உழைப்பு அது. போனால்கூட, மற்றவர்களிடம் பழைய ஜாக்கெட்டை வாங்கி அளவு எடுத்துக்கொள்ளலாம். ஒருத்திக்கு மட்டும் அது முடியாது.

அவள் உழவர்கரையில் இருப்பவள். மார்பில் ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஜாக்கெட்டே போடவில்லை, நைட்டியும் மேலே துண்டுமாகவே இருந்தாள். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்ட வேண்டும் என்று ஆசை வந்து என்னிடம் வந்தாள். மூன்று தடவை வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, காகிதத்தை அவள் மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டினேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டே அழுதாள்.

"இதோட போதும்க்கா. இனிமே யார் முன்னாலயும் என்னால இப்படி நிக்க முடியாது," என்றாள்.

இனி நிற்கவே வேண்டாம், ஆயுசுக்கும் இந்தக் காகிதத்தை வைத்தே தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பட்டுத்துணியை அடுத்த வாரம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

துணி வந்த அன்று கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பெட்டியை இழுத்தேன். லேசாக வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மாடிக்கு ஓடினேன். பக்கெட் நிறைய சாம்பல் நிறத்தில் கூழ். பக்கத்தில் ஒரு டப்பாவில் என் குண்டூசிகள். மிதிக்கும்போது காலில் குத்துமாம், அதனால் ஒன்றுவிடாமல் உருவி எடுத்து வைத்திருந்தார். அப்படியென்றால் ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்திருக்கிறார், திருப்பிப் பார்த்திருக்கிறார். என் கையெழுத்து அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் கிழித்துப் போட்டிருக்கிறார்.

"வெட்டிப்போட்ட பேப்பருதான? இன்னொரு வாட்டி அளந்துக்கோ," என்றார்.

பக்கெட்டை எட்டி உதைத்தேன். கூழ் மாடியெல்லாம் ஓடியது. வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் நின்று பார்த்தார்கள். அவளைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. அவள் உடம்பைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? காரணம் தெரியாமல், பைத்தியத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மறுநாள் பட்டுத்துணி, கத்தரிக்கோல், நான்கு செய்தித்தாள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டு, துண்டை எடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றாள். சீக்கிரம் முடித்துவிடு என்றாள். இந்தத் தடவை அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அளவு கோணிவிடக் கூடாதே என்று கண்ணைத் துடைத்துத் துடைத்து வெட்டினேன். அங்கேயே தரையில் விரித்து, பட்டுத்துணியையும் வெட்டி முடித்தேன்.

துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இத எங்கக்கா வைப்ப?" என்று கேட்டாள்.

யோசித்தேன். பீரோ அவருடையது, சாவி அவர் இடுப்பில். பரண் முழுக்க அவருடைய பட்டறைச் சாமான். கட்டிலுக்கு அடியாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

"உங்கிட்டயே இருக்கட்டும்மா," என்றேன். "எங்க வீட்ல எனக்கு எடமில்ல."