படத்தில் இல்லாத கால்

பக்குரங்கா என்ற புறநகரில் நான் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் கிளினிக்குக்குத் தோள்வலி என்று வந்து நண்பரானவர் அவர். மலேசியத் தமிழர். விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். சிறுவயது முதல் கராத்தே. ஜப்பானில் ஒரு குடும்பத்தோடு அற்றுப்போன குறுந்தடிச் சண்டைக்கலையை மீட்டெடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையில் இருந்ததோ அதன் கடைசி ஆசிரியரின் சில பழைய புகைப்படங்கள் மட்டும்.

“படத்துல நிக்கிறது தெரியுது சிஸ்டர். ஒரு நிலையிலேருந்து அடுத்ததுக்கு எப்படிப் போனாருன்னுதான் தெரியல லா. நீங்க மூட்டு, தசை எல்லாம் படிச்சவங்க. வந்து பாருங்களேன்.”

ஞாயிறு மதியங்களில் ஒரு சமூகக்கூடத்தில் சிலர் கூடினோம். இரண்டு படங்களுக்கு நடுவே உடம்பு எப்படி நகர்ந்திருக்கும் என்று நான் சொல்வேன். பிடித்துப்போய் நானும் தடியை எடுத்தேன்.

குளிர்காலத்தில்தான் அதைக் கவனித்தேன். தடியை உயர்த்தித் திரும்பும்போது எல்லோருடைய இடது காலும் தரையில் இழுபட்டது. நான் அப்படிச் சொல்லித்தரவில்லை, அவரும் இல்லை. “காலைத் தூக்கி வையுங்கள்” என்றேன். தூக்கினார்கள். அடுத்த முறை மறுபடியும் சரக்கென்று அந்த ஒலி.

ஒருநாள் சமையலறையில் கணவர் கேட்டார், “ஏன் காலை இழுத்து நடக்குற? அடிபட்டுச்சா?”

“இல்லையே.”

என் காலை நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

நண்பர் பல மாதம் விசாரித்து, அந்த ஆசிரியரின் மகளைக் கண்டுபிடித்தார். எண்பதைத் தாண்டிய அம்மையார். எங்கள் நகரத்துக் கிளென்ஃபீல்டில் இருக்கும் தன் மகளைப் பார்க்க ஜப்பானிலிருந்து வந்தபோது, மகளோடு எங்கள் கூடத்துக்கும் வந்தார். நாங்கள் செய்துகாட்டத் தொடங்கியதுமே நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

“அம்மா இதைப் பார்த்ததே இல்லை” என்று மகள் ஆங்கிலத்தில் விளக்கினார். “சின்ன வயதில் மூடிய கதவுக்கு வெளியே இருந்து கேட்டதுதான். திரும்பச் செய்யச் சொல்கிறார்.”

செய்தோம். அம்மையார் சுவரைப் பார்த்தபடியே மகளிடம் ஏதோ சொன்னார்.

“இதே சத்தம்தானாம். தாத்தாவுக்குப் போரில் இடது காலில் குண்டு பாய்ந்தது. இழுத்துத்தான் நடப்பார்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. படங்களில் அவர் நொண்டிக் காலைக் காத்து நின்றிருப்பார், அதைப் பார்த்துச் செய்த எங்களுக்கும் கால் இழுபட்டிருக்கும் என்றேன். மகள் மொழிபெயர்த்தார். அம்மையார் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அந்தப் படங்கள் போருக்கு முன்னால் எடுத்தவை என்கிறார்.”

எல்லோர் பார்வையும் அவரவர் இடது காலுக்குப் போனது. நண்பர்தான் மெல்லக் கேட்டார், இதை அசல் வழிவந்தது என்று சொல்லலாமா என்று.

“கலை என்றால் காலைத் தூக்கி வைப்பதுதான் என்று தாத்தா சொல்வாராம். நீங்கள் செய்வது கலை இல்லை, அது தன் அப்பாவேதான் என்கிறார் அம்மா. அந்தக் கலை தன்னோடு முடியட்டும் என்று தாத்தா யாருக்கும் கற்றுத்தரவில்லை.”

கார் நிறுத்துமிடத்தில் நண்பர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பரம்பரை வேணும்னு ஆசைப்பட்டேன் சிஸ்டர். இப்படி ஆளே வருவாருன்னு நெனைக்கல லா.”

“இனி என்ன செய்யப் போறீங்கண்ணே?”

“தெரியல.”

அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்தோம். யாரும் தடியை எடுக்கவில்லை. தேநீர் குடித்தோம், வீட்டு வாடகை பற்றிப் பேசினோம், கலைந்தோம். அதோடு கூடுவது நின்றுபோனது.