கதைச்சாப் பயம் போயிடும்

ஆதம்லெவ்வையின் குரலை அறியாத வீடு கல்முனைக்குத் தெற்கே நாலைந்து ஊர்களில் கிடையாது. யாராவது மௌத்தாகிவிட்டால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக வரும். அதன் பின்சீற்றில், திரைக்குப் பின்னால் இருந்து, "ஜனாஸா அறிவித்தல்" என்று ஒரு குரல் எழும். இருபத்திரண்டு வருடமாக அது அவருடைய குரல்தான். அடுப்படியில் நிற்கும் பெண்கள் அகப்பையைக் கீழே வைப்பார்கள். இறந்தவர் யார் எவர் என்று சரியாகப் புரிவதற்குள்ளேயே வாய் "இன்னா லில்லாஹி" சொல்லிவிடும். பழக்கம் அப்படி.

அந்தத் திரை வெயிலுக்காகக் கட்டியதல்ல. பன்னிரண்டு வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, அவர் முகத்தின் இடப்பக்கம் முழுவதும் வெந்துபோனது. அந்தப் பக்கம் கண்ணிமை இல்லை, காதும் பேருக்குத்தான். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கலியாணம் பேசிப் போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். கடற்கரை ஓரம் தனி வீடு, தனிச் சமையல் என்று ஐம்பத்தைந்து வயதாகிவிட்டது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய கிறீஸ் பூதம் வருகிறது என்று கரையோரம் முழுக்கப் பொல்லும் தடியுமாகத் திரிந்த அந்த வருடம், அவர் ஒரு மாதம் வாசலைத் தாண்டவில்லை. அவரைப் பூதமாக இருக்குமோ என்று கண் வைத்திருந்த அதே ஆட்கள்தான், குரலுக்குரியவர் அவரே என்று தெரியாமல், "அறிவித்தல் சொல்ற மனிசனுக்குச் சுகமில்லையா, குரலக் காணல்லையே?" என்றும் விசாரித்தார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

போன மாதம் பக்கத்துத் தெரு நளீர் வந்தான். யூடியூபில் குறும்படம் போடுகிறவன்.

"மாமா, ஒரு பேய்ப்படம் எடுக்கிறம். ஊரால துரத்திவிட்ட ஒருத்தன் தாழங்காட்டுக்குள்ள ஒளிச்சிருந்து ஆக்கள வெட்டுறான். நீங்கதான் நடிக்கணும். மேக்கப்பே தேவல்ல" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

இந்தப் படக்காரர்களை என்னதான் செய்வது? எந்தப் பேய்ப்படத்தைப் போட்டாலும் கொலைகாரனுக்கு வெந்த முகம், இல்லாவிட்டால் நொண்டிக் கால், ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு. மினுமினுவென்று முகம் வைத்திருக்கிறவன் ஒருவனும் கத்தி தூக்க மாட்டானா? வெந்த முகக்காரன் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்து ஊருக்குப் பயந்து சாகிறான் என்று எவனாவது எடுத்தானா?

ஆதம்லெவ்வைக்கும் இது விளங்காமல் இல்லை. ஆனால் ஒருவன் வாசல் தேடி வந்து "நீங்கதான் வேணும்" என்று கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மனிதர் உருகிப்போனார்.

"எனக்குக் கதைக்க எவ்வளவு இரிக்கி மகன்?"

"கதையே இல்ல மாமா. சும்மா வந்து நிண்டாக் காணும். கதைச்சாப் பயம் போயிடும்."

படம் வந்தது. பத்து நாளைக்குள் எவனோ ஒரு புண்ணியவான் அதில் அரை நிமிடத்தை வெட்டி எடுத்து, தலைப்பையும் பெயர்களையும் நீக்கி, "பிள்ளை பிடிக்கிறவன். கரையோரம் திரிகிறான். எல்லோருக்கும் அனுப்பவும்" என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டான். அனுப்பாதவன் யார்? நளீர் "இது படம், இது படம்" என்று எழுதி எழுதிக் களைத்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாப்பாமார் பொல்லோடு வாசலில் நின்றார்கள். ஆதம்லெவ்வை கதவைப் பூட்டினார். ஆட்டோவுக்கும் போகவில்லை. கண்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நாலாம் நாள் தங்கை சல்மா உம்மா தெற்கே இரண்டு ஊர் தள்ளியிருந்து போன் எடுத்தாள். சீனி வருத்தக்காரி, வீட்டில் வேறு யாரும் இல்லை.

"காக்கா, இன்சுலின் முடிஞ்சி ரெண்டு நாள். தலையெல்லாம் சுத்துது. ஆனா நீங்க வராதீங்க. இஞ்சயும் அந்த வீடியோதான்."

வராமல் இருக்க முடியுமா? முழு முகத்தையும் மூடும் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தார். ஹெல்மட்டுக்குள் இருக்கும்வரை அவரும் நாலு பேரில் ஒருவர்தான். வழி நெடுக ஸலவாத்து ஓதிக்கொண்டே போனார்.

தங்கையின் ஊர்ச் சந்தியில் ஒரு பாமசி. கண்ணாடிக் கதவில், "ஹெல்மட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்" என்று ஒட்டியிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றார். பிறகு கழற்றினார்.

உள்ளே உம்மாவின் கையைப் பிடித்து நின்ற சின்னப் பிள்ளை வீரிட்டது. அவ்வளவுதான். "அல்லாஹ்வே, இவன்தான்! அந்தப் பிள்ள புடிக்கிறவன்!" என்று உம்மாக்காரி அலறியது சந்தி முழுக்கக் கேட்டது.

எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ! அஸர் தொழுகைக்குக் கால்மணி நேரம் இருந்தது, நல்ல வெயில். அந்த வெயிலில் அவரை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து நிறுத்தினார்கள். மண்வெட்டிப் பிடி, இரும்புக் குழாய், ஒருவன் கையில் தோணித் துடுப்பு. ஒருவன் போனில் அந்த அரை நிமிடத்தைப் போட்டு, அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். "அவனேதான்டா!"

'நான் ஆதம்லெவ்வை' என்று சொல்ல வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. நளீரின் படத்தில் நின்ற அதே நிலையில்தான் இப்போதும் நின்றார். துடுப்பு தோளில் இறங்கியது. முழங்கால் மடிந்து விழுந்தார். மௌத்து இவ்வளவு கிட்டத்தில் வந்தபோது, வாய் தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னது.

"ஜனாஸா அறிவித்தல்."

ஓங்கிய குழாய் அப்படியே நின்றது.

"கடற்கரை வீதியைச் சேர்ந்த, மர்ஹூம் மீராசாஹிபு அவர்களின் புதல்வரும், சல்மா உம்மாவின் சகோதரருமான ஆதம்லெவ்வை அவர்கள், இன்று அஸருக்குச் சற்று முன்னர், இந்தச் சந்தியில் வபாத்தானார்கள்."

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றது கூட்டம்.

யாரும் நினைத்துச் சொல்லவில்லை. பழகிய வாய்கள் சொல்லிவிட்டன. துடுப்புக்காரன் வாயும் சொல்லியது. சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது. "இது... எங்கட உம்மாட மௌத்துக்குக் கேட்ட குரல்டா" என்றான். துடுப்பு கையிலிருந்து நழுவியது.

அறிவித்தலில் ஒரு வரி பாக்கி இருந்தது. அந்த வரி இல்லாமல் அவர் ஒரு நாளும் முடித்ததில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நல்லடக்கம் எத்தின மணிக்கி எண்டு சொல்லுங்க. நேரம் சொல்லாம நான் முடிக்கிறல்ல."

எழும்புவதற்கு யாரும் கை கொடுக்கவில்லை. ஆதம்லெவ்வை தானாக எழுந்து, நொண்டி நொண்டி, பாமசிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்சுலினத் தாங்க மகன். தங்கச்சி பாத்துக்கிட்டு இரிப்பா."