சாக்கடை போய்ச் சேரும் இடம்

ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒருவர் வைகைக் கரையிலுள்ள எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருவார். உப்பில் வெடித்த கைகள், வெயிலில் சிவந்த கண்கள். எந்தத் தண்ணீரையும் கையில் ஏந்தி மோந்து பார்த்த பிறகுதான் குடிப்பார்.

ஊரில் காலரா வந்து பலர் இறந்த வருஷம், தெருச் சாக்கடைகளை ஆற்றில் கொண்டுபோய் விட ஒரு வாய்க்கால் வெட்டினோம். நான்தான் மேஸ்திரி. எல்லோரும் பாராட்டினார்கள். அவர் மட்டும் வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தில் வெகுநேரம் நின்றார்.

"இந்தத் தண்ணி எங்கிட்டு போகுதுய்யா?"

"வைகையோட கீழ போகும். வெள்ளம் வந்தா உங்க கடலுக்கும் வரும். பயப்படாதீக, அம்புட்டுத் தூரம் வாரதுக்குள்ள எல்லாம் கரைஞ்சிரும்."

"எங்களுக்குக் கரைஞ்சிரும். நடுவுல உள்ள ஊர்க்காரக என்ன செய்வாக?"

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாதமே ஆற்றோட்டத்தில் எங்களுக்குக் கீழே உள்ள ஒரு கிராமத்தில் காலரா கண்டது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் போனதாகச் சொன்னார்கள். மறுநாள் ஆட்களைக் கூட்டிப்போய் வாய்க்காலை மண் போட்டு அடைத்து, சாக்கடையைத் தரிசு நிலத்துக்குத் திருப்பினேன். யாரையும் கேட்காமல் செய்ததால் வேலை போயிற்று.

அதைச் சொல்ல ஒவ்வொரு சந்தையிலும் அவரைத் தேடினேன். அவர் வரவேயில்லை. கடலோரத்துக்காரர் மனத்தில் எழுந்த அந்தக் கேள்வி, இந்த ஆற்றங்கரையிலேயே பிறந்த எனக்கு ஏன் எழவில்லை என்று இன்றும் விளங்கவில்லை.