நாலு உருண்டை கம்மஞ்சோறு

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது வயது நாற்பது. கோவில்பட்டியில் டாக்டரம்மா, "அரிசியைக் குறைச்சிட்டு கம்பு, சோளம்னு சாப்பிடுங்க" என்றார். எரிச்சலாக வந்தது. கம்மஞ்சோறு தின்று சலித்துத்தானே அரிசிக்கு வந்தோம். ஆனாலும் மறுநாளே கம்பு வாங்கினேன். அம்மா தினமும் நாலு உருண்டை கம்மஞ்சோற்றை மோரில் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போவாள். நானும் அதே நாலைக் குடித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை.

"அரிசியைத் தொடவே இல்லம்மா, கம்புதான் சாப்பிடுதேன்" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"எத்தனை உருண்டை?"

நாலு விரலை நீட்டினேன். விரல்களில் பசை காய்ந்திருந்தது.

"என்ன வேலை பாக்குதீங்க?"

"பொழுதுக்கும் உக்காந்து லேபிள் ஒட்டுதேன். எங்கம்மா இதே நாலைக் குடிச்சிட்டுத்தான் களை வெட்டுவா. அவளுக்கு ஒண்ணும் வரலையே."

"அவிய வெட்டுனாங்க, நீங்க உக்காந்திருக்கீங்க. கம்பு நல்லதுதான். ஆனா அதுவும் அளவு மிஞ்சினா சர்க்கரையை ஏத்தும்" என்று சொல்லி, என் விரல்களில் இரண்டை மடக்கிவிட்டார்.

அன்றிலிருந்து இரண்டு உருண்டைதான். சாயங்கால அலுப்பில் மட்டும் அம்மாவுக்கு நான் ஒரு பிடிகூடக் குறையவில்லை.