சிவப்புக் கழுத்தும் கறுப்புப் பட்டையும்

சேவல் சண்டை பார்த்து வளர்ந்தவன் நான். கொட்டாம்பட்டிப் பக்கம் சேவல்கட்டு நடக்கிறதென்று காதில் விழுந்தால் போதும், பஸ் ஏறிவிடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டில் மீன் தொட்டி வைத்தபோதும் அந்தப் புத்திதான் வேலை செய்தது.

கோரிப்பாளையத்தில் என் நண்பன் மொட்டைமாடியில் மீன் வளர்த்தான். மெட்ராஸிலிருந்து ஒரு ஜோடியைப் பாலிதீன் பையில் அடைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தான். ஃபயர்மவுத் என்று பெயர். கோபம் வந்தால் கழுத்தடியைப் புடைத்துக்கொண்டு ரத்தச் சிவப்பாய் நிற்கும். தங்கை கல்யாண வேலையாக இரண்டு மாதம் வெளியூர் போனவன் ஜோடியை என்னிடம் விட்டுப்போனான். "மாப்ள, ஒன்னோட ஜீப்ரா மீனோட மட்டும் சேத்துராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

மூன்றாம் நாளே சேர்த்தேன். எது ஜெயிக்கும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் ஜீப்ரா, உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை போட்ட முரட்டு ஆண். அது அவனுடைய ஆண் மீனின் வாயைக் கவ்விப் பிடித்துச் சுழற்றியது. செதில்கள் தண்ணீரில் மிதந்தன. ஒரு கண் போன பிறகாவது பிரித்திருக்கலாம். நான் முக்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் அது செத்தது. கொஞ்ச நாளில் அதன் ஜோடிப் பெண் என் ஜீப்ராவோடு சேர்ந்து முட்டையிட்டது.

திரும்பி வந்த நண்பனிடம் வாய் கூசாமல் சொன்னேன்: ஆண் நோயில் போய்விட்டது, ஆனால் குஞ்சு கொடுத்துவிட்டுத்தான் போனது. அவன் கண் கலங்கிவிட்டான். குஞ்சுகளையும் தாயையும் வாங்கிக்கொண்டு போனான்.

கோடையில் தாய் செத்தது. குஞ்சுகளில் ஒன்று மட்டும் தடித்து வளர்ந்து, கூடப்பிறந்தவற்றை ஒவ்வொன்றாய்க் கடித்துக் கொன்றது. வால் போனது, குடல் சரிந்தது என்று தினமும் ஒன்றை அள்ளி வெளியே போட்டான். கடைசியில் அந்த ஒன்றுதான் மிச்சம். அது என்ன கலப்பு என்று தெரியவில்லை, வந்து பார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு அனுப்பினான். போனேன்.

முகம் மழிக்கும் கண்ணாடியை எடுத்துத் தொட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்தான். தன் உருவத்தைக் கண்டதும் மீன் வெறிகொண்டு மோதியது. உதடு கிழிந்தும் விடவில்லை. கழுத்து புடைத்தது, அடியில் தாயின் சிவப்பு. கூடவே உடம்பில் கறுப்புப் பட்டைகள் ஒவ்வொன்றாய் அடர்ந்து எழுந்தன. எனக்குத் தெரிந்து அந்தப் பட்டை போட்ட ஆண் மதுரையில் என் வீட்டில் மட்டும்தான் இருந்தது.

"கழுத்து தாயோடது. இந்தப் பட்டை யாரோடது மாப்ள?"

மெதுவாகத்தான் கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போயும் போயும் ஒரு மீன் என்னைக் காட்டிக்கொடுப்பதா? கைவலையைத் தொட்டிக்குள் விட்டு அதை அள்ளி, வலையோடு தளத்தில் ஓங்கி அடித்தேன். துள்ளியது. செருப்புக் காலால் மிதித்தேன். அடங்கிய பிறகும் மிதித்தேன். "எது பெத்ததோ, எனக்கென்ன தெரியும்" என்று கத்தினேன்.

அவன் தடுக்கவில்லை. நான் மூச்சு வாங்கி நின்ற பிறகு குனிந்து, நசுங்கிக் கிடந்ததை உள்ளங்கையில் எடுத்தான்.

"பட்டை விழுந்த அன்னைக்கே தெரியும்டா. நீயா ஒரு வார்த்தை சொல்லுவேன்னுதான் இம்புட்டு நாளும் இத வளத்தேன்."